வகுப்பறைச் சாவி யார் கையில்?
சொந்த இயங்கலை வகுப்பு சர்வர்: நிர்வாகி அனுமதியும் நெட்வொர்க் அமைப்பும்



2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் கோயில் மண்டபங்களில் நடந்த தேவார வகுப்பு, சமய வகுப்பு, ஞாயிறு டியூஷன் எல்லாம் கைப்பேசிக்கு மாறின. ஆணை முடிந்து கோயில் கதவு திறந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுசா போகலை. பேராக்கில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாக ஆயின. லயத்தில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் என்று பிரிந்து போய்விட்டன. தோட்டத்துக் கோயில் அங்கேயே நிற்கிறது, பிள்ளைகள்தான் அங்கே இல்லை. அவர்களை வாரம் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார வைக்க இயங்கலை வகுப்பு நல்ல வழி.

ஆனால் மண்டபத்தில் வகுப்பு நடந்தபோது வாசலில் ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். தெரியாத ஆள் நுழைந்தால் "யாருங்க நீங்க?" என்று கேட்பார்கள். இயங்கலை வகுப்பின் வாசலில் யார் நிற்கிறார்கள்? அந்த வாசலை அமைக்கக் கற்பதே இந்தப் பாடம். படித்து முடித்ததும் உங்கள் கிளையில் இரண்டு பேர் சேர்ந்து செய்து பார்க்கலாம்.

வாசல் திறந்து கிடந்தால் என்ன ஆகும்?

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய அதே வாரத்தில், ஒரு புவியியல் வகுப்பின் ஜூம் சந்திப்புக்குள் அந்நியர்கள் நுழைந்து மாணவிகளுக்கு ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதைச் சில நாள் நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் எஃப்பிஐ மார்ச் மாத இறுதியிலேயே இதுபற்றி எச்சரித்திருந்தது. ஏப்ரல் 5 முதல் ஜூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த வசதிகள் அதற்கு முன்பும் ஜூமில் இருந்தன. பலர் அவற்றை இயக்கவில்லை, அவ்வளவுதான். பூட்டு இருந்தும் யாரும் பூட்டவில்லை.

எதற்கு சொந்த சர்வர்?

"ஜூம் இருக்கே, கூகிள் மீட் இருக்கே, எதுக்கு இந்தத் தலைவலி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதம் ஒரு கூட்டம் மட்டும் நடத்தும் கிளைக்குச் சொந்த சர்வர் தேவையே இல்லை. வாராவாரம் பல வகுப்புகள் நடத்தும் மாவட்ட அளவிலான இயக்கத்துக்கு அது பயன்படும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் சந்திப்பு முடிந்துவிடும். அதைவிட முக்கியம், பிள்ளைகளின் பெயர், முகம், குரல் எங்கே போகிறது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

இதற்கு ஜிட்சி மீட் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கியது அது. தமிழ்நாட்டில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தன் வாராந்திரக் கூட்டங்களை ஜிட்சியில் நடத்தி வந்திருக்கிறது. தமிழில் இதுபோன்ற மென்பொருள்களைப் பற்றிப் படிக்க விரும்புவோர் 2012 முதல் வரும் கணியம் இதழைப் பார்க்கலாம். ஜிட்சியின் பொதுச் சேவையை முன்பு யாரும் பெயர் சொல்லாமலே திறக்க முடிந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து அறையைத் திறப்பவர் கணக்கு வழியாக நுழைந்தாக வேண்டும். பெரிய சேவையே வாசலில் ஆள் நிறுத்தி விட்டது. நாமும் நிறுத்தத்தான் வேண்டும்.

சர்வருக்குள் என்ன இருக்கு?

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் உள்ள ஒரு வாடகை சர்வர் போதும். சிறு வகுப்புக்கு 4 ஜிபி நினைவகத்தோடு தொடங்கலாம். ஜிட்சியை நிறுவியதும் அதில் நான்கு பகுதிகள் வேலை செய்யும்.

1. வெப் சர்வர்: பிள்ளையின் பிரவுசருக்கு வகுப்புப் பக்கத்தைக் காட்டும்.
2. புரோசடி: யாருக்குக் கணக்கு இருக்கிறது, எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்ற பதிவேடு.
3. ஜிகோஃபோ: அறையைத் திறந்து ஒழுங்குபடுத்தும் மேற்பார்வையாளர்.
4. வீடியோபிரிட்ஜ்: ஒருவரின் படத்தையும் குரலையும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் அஞ்சல்காரர்.

பிரச்சினை வரும்போது இந்த நான்கில் எது என்று முதலில் கேளுங்கள். பக்கமே வரவில்லையா? வெப் சர்வர். உள்ளே நுழைய முடியவில்லையா? புரோசடி அல்லது ஜிகோஃபோ. நுழைந்த பிறகு படமும் குரலும் இல்லையா? பெரும்பாலும் வீடியோபிரிட்ஜின் நெட்வொர்க்.

பாடம் 1: சாவிகள் மூன்று வகை

கோயிலில் எல்லார் கையிலும் எல்லாச் சாவியும் இருக்காது. மூலஸ்தானச் சாவி குருக்களிடம், உண்டியல் சாவி பொருளாளரிடம், மண்டபச் சாவி செயலாளரிடம். சர்வரிலும் அப்படித்தான்.

முதல் சாவி, சர்வர் நிர்வாகி. இவர் சர்வருக்குள் நுழைந்து எதையும் மாற்றலாம், அழிக்கலாம். ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறேன்: ஜிட்சியில் படமும் குரலும் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகின்றன, ஆனால் சாதாரண அமைப்பில் வீடியோபிரிட்ஜுக்குள் அந்தப் பூட்டு திறந்து மீண்டும் பூட்டப்படுகிறது. அதாவது சர்வர் யார் கையில் இருக்கிறதோ, அவர் மனசு வைத்தால் வகுப்பை ஒட்டுக்கேட்க வழி இருக்கிறது. அதனால் "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்" என்பது மட்டும் தகுதி ஆகாது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருப்பது சும்மா இல்லை. ஆளை அறிந்து தேர்ந்து, பிறகு பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் சாவி, வகுப்பு நடத்துநர். இவருக்கு அறையைத் திறக்கவும் ஒருவரை வெளியேற்றவும் முடியும். சர்வருக்குள் நுழைய முடியாது. ஆசிரியர்களுக்கு இது போதும்.

மூன்றாவது, விருந்தினர். பிள்ளைகளும் பெற்றோரும். இவர்களுக்குக் கணக்கு வேண்டாம், கடவுச்சொல் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். நடத்துநர் வந்த பிறகே உள்ளே போக முடியும்.

சர்வர் நிர்வாகிக்கான அமைப்பு:

• ரூட் கணக்கில் நேராக நுழைவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு நிர்வாகிக்கும் தன் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். யார் எப்போது நுழைந்தார் என்று பிறகு பார்க்க முடியும்.
• எஸ்எஸ்எச் நுழைவுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வையுங்கள். இணையத்தில் நிற்கும் எந்த சர்வரையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் கடவுச்சொல் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாவிக் கோப்பு இருந்தால் அந்தத் தட்டலுக்குப் பலன் இல்லை.
• இந்த மாற்றங்களைச் செய்யும்போது பழைய இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புது வழியில் நுழைந்து பார்த்து, சரியாக வந்த பிறகு பழையதை மூடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே நின்று நம்ம கதவையே நாம் தட்டுவோம்.
• நிர்வாகிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் போதாது, ஐந்து பேர் அதிகம்.

அடுத்து நடத்துநர் கணக்கு. ஜிட்சியை நிறுவிய கையோடு விட்டால் முகவரி தெரிந்த யாரும் அறை திறக்கலாம். முதலில் நுழைபவரே நடத்துநர் ஆகிவிடுவார். இதை மாற்ற ஐந்து படிகள்:

1. புரோசடியின் கட்டமைப்புக் கோப்பில் நம் முகவரிக்கான பகுதியில், அடையாளச் சோதனை 'பெயரற்றவர்' என்ற நிலையில் இருக்கும். அதை உள் கணக்குகளைச் சோதிக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.
2. அதே கோப்பில் விருந்தினருக்கு என்று இன்னொரு உள் முகவரி சேருங்கள். அதற்கு மட்டும் 'பெயரற்றவர்' நிலை இருக்கட்டும். இது சர்வருக்குள் மட்டும் புழங்கும் பெயர், அதனால் வெளியே பதிவு செய்யத் தேவையில்லை.
3. ஜிட்சி மீட்டின் கட்டமைப்புக் கோப்பில் அந்த விருந்தினர் முகவரியைக் குறிப்பிடுங்கள்.
4. ஜிகோஃபோவின் கோப்பில் அடையாளச் சோதனையை இயக்குங்கள்.
5. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு கணக்கைப் புரோசடியில் உருவாக்கி, சேவைகளை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

சோதனை: கணக்கு இல்லாத ஒரு கைப்பேசியில் அறை முகவரியைத் திறங்கள். நடத்துநருக்காகக் காத்திருக்கும்படி செய்தி வந்தால் சரி. நேராக அறை திறந்தால் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

இதற்கு மேல், நடத்துநர் வகுப்பு தொடங்கியதும் காத்திருப்பு அறையையும் இயக்க வேண்டும். பிள்ளைகள் ஊர்ப் பெயரோடு தங்கள் பெயரைப் போட்டு வரச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொருவராக உள்ளே விடலாம். அந்த "யாருங்க நீங்க?" அண்ணன் இப்போது திரும்ப வந்துவிட்டார்.

பாடம் 2: எந்தெந்த வாசல் திறந்திருக்கணும்?

சர்வருக்கு எண் போட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. போர்ட் என்பார்கள். தேவையானதை மட்டும் திறந்து மற்றதை ஃபயர்வாலால் மூட வேண்டும்.

• டிசிபி 443: பிள்ளைகள் வரும் முன்வாசல். பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள இணைப்பு. சான்றிதழ் இல்லாவிட்டால் பிரவுசர் கேமராவையும் மைக்கையும் தராது.
• டிசிபி 80: சான்றிதழைச் சரிபார்க்க. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழை இந்த வழியில் புதுப்பிக்கும்போது இது மூடியிருந்தால் புதுப்பித்தல் நின்றுபோகும். ஒரு ஞாயிறு காலை எல்லார் திரையிலும் சிவப்பு எச்சரிக்கை வரும்.
• யுடிபி 10000: படமும் குரலும் போகும் பாதை.
• டிசிபி 22: நிர்வாகி நுழையும் பின்வாசல்.
• யுடிபி 3478, டிசிபி 5349: சில பள்ளி, அலுவலக வைஃபையில் யுடிபி அடைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து வருபவர்களுக்கு மாற்று வழி.

ஃபயர்வாலை இயக்கும் முன் 22-ஐ அனுமதித்துவிடுங்கள். வரிசை மாறினால் நிர்வாகியே வெளியே நிற்க வேண்டியதுதான். வாடகை சர்வர் தரும் நிறுவனத்தின் பக்கத்திலும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். இரண்டு இடத்திலும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாடம் 3: மூன்றாவது ஆள் வந்ததும் படம் போகுதா?

சொந்த சர்வர் அமைப்பவர்களை அதிகம் குழப்பும் கோளாறு இது. இரண்டு பேர் பேசும்போது எல்லாம் அருமையாக இருக்கும். மூன்றாவது ஆள் நுழைந்ததும் எல்லாருக்கும் படமும் போகும், குரலும் போகும்.

காரணம் எளிது. இரண்டே பேர் இருக்கும்போது அவர்களின் கருவிகள் நேராகப் பேசிக்கொள்ள முயலும், வீடியோபிரிட்ஜ் வழியாகப் போக வேண்டியதில்லை. மூன்று பேர் ஆனதும் வீடியோபிரிட்ஜ் நடுவில் வரும். அதற்கான பாதை அடைபட்டிருந்தால் அப்போதுதான் தெரியும். ஆகவே இரண்டு கைப்பேசியை வைத்துச் சோதித்துவிட்டு "ஓகே" என்று சொல்லாதீர்கள். மூன்று கருவி வேண்டும், அதில் ஒன்றாவது வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யுடிபி 10000 திறந்திருக்கிறதா. இரண்டு, வீடியோபிரிட்ஜுக்குத் தன் வெளி முகவரி தெரியுமா. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரி இருக்கும். தோட்டத்துக்குள் "மூணாவது லயம், நாலாவது வீடு" என்றால் எல்லாருக்கும் தெரியும். ஈப்போவிலிருந்து கடிதம் போட அது போதுமா? தோட்டத்தின் முகவரியும் வேண்டும். அதுபோல வீடியோபிரிட்ஜின் கட்டமைப்புக் கோப்பில் உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் எழுத வேண்டும். பல நேரம் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். முடியாதபோது நாம் எழுதித் தர வேண்டும்.

"சங்க அறையில பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு, அதையே சர்வரா போடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். சிம் கார்டு போட்ட மோடம்களில் இது சகஜம். அப்படி இருந்தால் ரவுட்டரில் எந்த வாசலைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஆள் வர முடியாது. வாடகை சர்வர்தான் வழி.

பாடம் 4: டேட்டா தீர்ந்த பிள்ளை

வேண்டாத ஆளை வெளியே நிறுத்துவது பாதி வேலை. வர வேண்டிய பிள்ளை வர முடிவது மறுபாதி. தோட்டப் பக்கத்தில் ப்ரீபெய்ட் சிம் போட்ட ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கச்சி மூவர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்கு நம் வகுப்பு எவ்வளவு டேட்டா செலவு வைக்கிறது? கணக்குப் போடுவோம்.

ஆசிரியரின் படம் நொடிக்கு 500 கிலோபிட் வருகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரம் 3600 நொடி. பெருக்கி, பைட் ஆக்க 8-ஆல் வகுத்தால் 225 எம்பி. மாதம் நான்கு வகுப்புக்கு 900 எம்பி. குரல் மட்டும் நொடிக்கு 40 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18 எம்பி, மாதம் 72 எம்பி. பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

20 பேர் வகுப்பில் எல்லாரும் கேமரா போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொருவருக்கும் மற்ற 19 பேரின் படத்தை அனுப்ப வேண்டும். 20 பெருக்கல் 19, மொத்தம் 380 படங்கள் ஒரே நேரத்தில் சர்வரிலிருந்து போகும். சர்வரும் திணறும், பிள்ளையின் டேட்டாவும் கரையும்.

ஜிட்சி மீட்டின் கட்டமைப்புக் கோப்பில் மூன்று மாற்றம் போதும்:

1. நுழையும்போது கேமரா மூடியே இருக்கட்டும். மைக்கும் அப்படியே.
2. படத்தின் உயரம் 360 புள்ளி போதும். தேவாரம் கற்க 720 தேவையில்லை.
3. ஒரு நேரத்தில் எத்தனை பேரின் படத்தை அனுப்புவது என்பதற்கு வரம்பு வையுங்கள். 'சேனல் லாஸ்ட் என்' என்ற அமைப்பு அது. 2 அல்லது 3 போதும். பேசுபவர்களின் படம் மட்டும் போகும்.

"கேமரா போடாத பிள்ளை கவனிக்காது" என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. சில வீடுகளில் பிள்ளை கேமரா போடாததற்குக் காரணம் டேட்டா, சில வீடுகளில் பின்னால் தெரியும் வீடு. கட்டாயப்படுத்தாமல், இடையிடையே பெயர் சொல்லிக் கேள்வி கேட்டாலே பிள்ளை கவனிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பாடம் 5: சாவி கைமாறும் நாள்

இளைஞர் இயக்கத்தில் நிர்வாகம் மாறிக்கொண்டே இருக்கும். படிக்கப் போவோம், வேலைக்குக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போவோம், கல்யாணம் ஆகும். இயக்கத்தின் முகநூல் பக்கம் பழைய செயலாளரின் கணக்கோடு போய்விட்ட கதை பலருக்கும் தெரியும். சர்வர் விஷயத்தில் அது இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே இருப்பது பிள்ளைகளின் வகுப்பு.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்ததும் கூட்டக் குறிப்பேடு, கணக்குப் புத்தகம் ஒப்படைப்பதைப் போல இதையும் ஒப்படைக்க வேண்டும்:

• இணைய முகவரியும் சர்வர் வாடகையும் இயக்கத்தின் மின்னஞ்சலில் பதிவாகி இருக்க வேண்டும், தனிநபர் மின்னஞ்சலில் கூடாது.
• புது நிர்வாகியின் சாவியைச் சேர்த்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு பழைய நிர்வாகியின் சாவியை நீக்க வேண்டும். பழையவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. பொறுப்பு முடிந்தவர் தோளிலிருந்து சுமையை இறக்குகிறோம்.
• பொறுப்பு விட்ட ஆசிரியர்களின் நடத்துநர் கணக்குகளையும் அதே நாளில் நீக்க வேண்டும்.
• அமைப்புகள் எல்லாம் எங்கே, எப்படி என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைக்க வேண்டும். நெருக்கடிக்கான மீட்புக் கடவுச்சொல் மூடிய உறையில் தலைவரிடம் இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதாவது நடந்துவிட்டால்? நடத்துநர் உடனே அந்த ஆளை வெளியேற்றி அறையை மூட வேண்டும். நேரம், பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, அன்றே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது. இணையத் தாக்குதலை சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குத் தெரிவிக்கலாம். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் தாலியான் காசே 15999 இருக்கிறது, போலீசும் இருக்கிறது.

கிளைக் கூட்டத்தில் பேச

1. நம் கிளையின் இயங்கலை வகுப்புகளுக்கு இப்போது நிர்வாகிச் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் நாளைக்கு ஊர் மாறினால் வகுப்பு நடக்குமா?
2. கடந்த மூன்று மாதத்தில் வகுப்பு லிங்க் எந்தெந்தப் புலனக் குழுக்களுக்குப் போனது? அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் எல்லாரையும் நமக்குத் தெரியுமா?
3. வகுப்புக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேருக்கு டேட்டாதான் காரணம்? போன் செய்து கேட்டோமா?
4. மூன்று கைப்பேசிச் சோதனையை யார், எந்த ஞாயிறு செய்யப் போகிறோம்?

நான்காவது கேள்விக்கு அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பெயரும் ஒரு தேதியும் எழுதிவிட்டு எழுந்திருங்கள். மற்றதை அந்த இரண்டு பேரும் செய்துகொண்டே கற்றுக்கொள்வார்கள்.